தேர்வு அட்டவணைப் புகார்: தபால் கவுண்டருக்கு நாலரை, இணையதளத்துக்கு ஒன்று

தென்மாவட்டத்தில் உள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில், 2024 நவம்பர் தேர்வு அட்டவணை பற்றிப் புகார் கொடுத்த அனுபவத்தை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடவில்லை. தம்பிக்கு அங்கே இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி இருக்கிறது, அது ஒன்றே காரணம். ஹோட்டலுக்கும் செருப்புக் கடைக்கும் ஸ்டார் போடுகிறோம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கட்டணம் கட்டிப் பயன்படுத்தும் தேர்வுப் பிரிவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அடுத்து மனுவோடு போகிறவர்களுக்கு எந்த வாசல் திறக்கும், எது திறக்காது என்று தெரிய வேண்டும்.

நான் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று நாள் முழுக்க மனுதான். அதனால் எங்கே சீல் வாங்க வேண்டும், எந்த வரியை மேலே போட வேண்டும் என்பது பழக்கத்தில் வந்துவிட்டது. அந்தப் பழக்கம் இல்லாத வீடாக இருந்திருந்தால் என் தம்பி அந்தப் பிற்பகல் தேர்வை விட்டிருப்பான்.

தம்பி பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு. பிறவியிலேயே பார்வை கிடையாது. சொல்வதை எழுதுபவரை வைத்துத்தான் எல்லாத் தேர்வும் எழுதுகிறான், ஸ்கிரைப் என்றால் கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் ஆண்டில் ஒரு தேர்வன்று ஸ்கிரைப் வராமல் போனதில் மூன்றாம் செமஸ்டர் பேப்பர் ஒன்று அரியராக நின்றுவிட்டது. நவம்பரில் அந்த அரியரையும் ஐந்தாம் செமஸ்டர் பேப்பர்களையும் சேர்த்து எழுத வேண்டும்.

அட்டவணை வந்தது. அரியர் பேப்பர் ஒரு வியாழக்கிழமை காலை 10 முதல் 1 வரை. அதே வியாழக்கிழமை பிற்பகல் 2 முதல் 5 வரை ஐந்தாம் செமஸ்டர் முக்கியப் பாடம். மற்ற மாணவர்களுக்கு இது சிரமமான நாள், அவ்வளவுதான். ஒரு மணிக்கு வெளியே வந்து தயிர்சாதம் சாப்பிட்டு, ஒரு தடவை நோட்டைப் புரட்டிவிட்டு இரண்டு மணிக்கு உள்ளே போகலாம். தம்பிக்கு அப்படி இல்லை. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை 2018 ஆகஸ்ட் 29-இல் வெளியிட்டு அப்போது நடப்பில் இருந்த தேர்வு வழிகாட்டுதலின்படி, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் ஆகும். அவனுடைய காலைத் தேர்வு முடிவதே இரண்டு மணிக்கு. பிற்பகல் தேர்வு தொடங்குவதும் இரண்டு மணிக்கு. இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை. அது முடிய மாலை ஆறு. காலை பத்திலிருந்து ஆறு வரை சோறு இல்லை, பாத்ரூம் இல்லை. அவன் சொல்லச் சொல்ல எழுதும் பெண்ணுக்கும் அதே எட்டு மணி நேரம்.

அந்தப் பெண்ணைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பக்கத்துத் தெரு. பிளஸ் டூ முடித்து நர்சிங் சேரக் காத்திருந்தாள். தேர்வர் தன் ஸ்கிரைபைத் தானே அழைத்து வந்தால், அவருடைய படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அதனால் காலேஜ் நண்பர்கள் யாரும் எழுத முடியாது. இந்தப் பெண் கிடைத்ததே பெரிது. மூன்று மணி நேரம் எழுதினாலே நடுவிரலில் பேனா அழுத்திய இடம் சிவந்து புடைத்துவிடும். அந்த விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வந்து எழுதுவாள். எட்டு மணி நேரம் எழுதச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது?

அட்டவணை ஏன் இப்படி அமைகிறது என்று தேர்வுப் பிரிவில் பொறுமையாக விளக்கிச் சொன்ன ஒருவர் இருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பாடத்திட்டங்கள், இணைப்புக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஒரே வினாத்தாள். அதனால் மூன்றாம் ஆண்டுத் தாள்களை ஒரு வேளையிலும் இரண்டாம் ஆண்டுத் தாள்களை மறுவேளையிலும் வைத்துவிடுவார்கள். மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு இரண்டாம் ஆண்டு அரியர் இருந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் மோதாது. இந்த ஏற்பாடு சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ‘மோதல்’ இருக்கிறதா என்று பார்க்கும்போது எல்லாருக்கும் தேர்வு மூன்று மணி நேரம் என்றே கணக்குப் போடுகிறார்கள். நான்கு மணி நேரம் எழுதுகிற மாணவன் அந்தக் கணக்கில் இல்லை. தம்பியின் ஹால் டிக்கெட்டில் மோதல் எதுவும் காட்டவில்லை. அவனுடைய விண்ணப்பத்தில் ஸ்கிரைப் அனுமதி, யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண், கூடுதல் நேரம் எல்லாம் அவர்களிடமே இருந்தும் காட்டவில்லை. என் புகாரின் உயிர் இதுதான்.

முதலில் இணையதளம். பல்கலைக்கழகத் தளத்தில் மாணவர் குறைதீர்ப்பு என்று ஒரு பக்கம் உண்டு. அங்கே தம்பி தானே புகார் கொடுக்க நினைத்தான். அவன் போனில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வைத்து எல்லாம் செய்வான், ரயில் டிக்கெட் வரை எடுப்பான். இங்கே நுழைந்ததுமே கேப்ட்சா. கோணல்மாணலாக எழுத்துகள் உள்ள படம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒலி வசதி இல்லை. பார்வையற்ற மாணவன் தன் குறையைத் தானே பதிவு செய்ய முடியாது. அட்டவணையே அப்படித்தான் வந்திருந்தது. கையெழுத்துப் போட்ட தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றியிருந்தார்கள். டாக்பேக் அதில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்கவில்லை. வகுப்புத் தோழன் வாசித்துக் காட்டிய பிறகுதான் தம்பிக்குத் தேதியே தெரிந்தது. கம்ப்யூட்டரில் தயாரித்த கோப்பை அப்படியே ஏற்றினால் போதும். செலவு எதுவும் இல்லை.

கேப்ட்சாவை நான் போட்டுக் கொடுத்தேன். புகார் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கட்டணம், விடுதி, மதிப்பெண் பட்டியல், ராகிங், உதவித்தொகை என்று வரிசையாக இருந்தது. தேர்வு அட்டவணை இல்லை. ‘இதர’ என்பதில் போட்டோம். சில நாளில் ‘முடிக்கப்பட்டது’ என்று நிலை மாறியிருந்தது. பதில் ஒரே வரி: தேர்வு அட்டவணை பல்கலைக்கழக விதிமுறைகளின்படி தயாரிக்கப்பட்டுள்ளது. நாங்கள் எழுதிய இரண்டு மணிக் கணக்கை யாராவது படித்ததற்கான அடையாளம் அதில் இல்லை. இந்தத் தளத்துக்கு 5-க்கு 1. புகார் எண் என்று ஒன்று கிடைத்ததற்காக அந்த ஒன்றும். அந்த எண் பின்னால் உதவியது.

கல்லூரியின் எக்ஸாம் செல் அடுத்தது. நல்ல மனிதர்கள், கையில் அதிகாரம் கிடையாது. ஆனால் முதல்வரின் பரிந்துரைக் கடிதத்தை அன்றே அடித்துக் கொடுத்தார்கள். இந்தக் கடிதம் இல்லாமல் பல்கலைக்கழகத்துக்குப் போகாதீர்கள். ‘காலேஜ் மூலமா வாங்க’ என்று திருப்பி அனுப்பும் பேச்சுக்கே இடமிருக்காது.

யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழு வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் மையத்துக்கு வரும் மாணவர்கள் அடிக்கடி கேட்பது. மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள் 2023 ஏப்ரலில் வந்தன. ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு வேண்டும், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும், பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினரில் ஒருவராவது இருக்க வேண்டும், மாணவர் பிரதிநிதி ஒருவர் சிறப்பு அழைப்பாளர். குழு 15 வேலை நாளுக்குள் பரிந்துரை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு, அவருக்கு 30 நாள். தேர்வு முடிவு தாமதம், மாற்றுச் சான்றிதழைப் பிடித்துவைப்பது, கட்டணம் திரும்பத் தராதது போன்றவற்றுக்கு இது நல்ல வழி. அட்டவணைக்கு ஒத்துவராது. அட்டவணை வெளியாகி தேர்வு தொடங்க மூன்று வாரம்கூட இருப்பதில்லை. 15 வேலை நாள் என்பதே மூன்று வாரம். குழு கூடி முடிவு எழுதும்போது தேர்வு முடிந்திருக்கும். அட்டவணை, ஹால் டிக்கெட் போன்ற அவசரக் குறைகளுக்கு இரண்டு மூன்று நாள் கெடுவோடு தனி வழி வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இனி தேர்வுப் பிரிவு. நேராக செக்ஷனுக்குப் போய் மேசை மேசையாகக் கெஞ்சாமல், முதலில் தபால் பிரிவுக்குப் போனேன். மனுவில் மூன்று நகல். ஒன்றை வாங்கிக்கொண்டு, நம் நகலில் சீல் அடித்து இன்வர்டு நம்பரும், அதாவது தபால் வரவு எண்ணும், தேதியும் எழுதித் தருவார்கள். அங்கே இருந்த அம்மா ஒரு கேள்வி கேட்காமல், இணைப்புகளை எண்ணிப் பார்த்து, பக்க எண் விட்டுப்போன இடத்தில் போடச் சொல்லி, சீல் அடித்துக் கொடுத்தார். “தேர்வு தேதி எப்போ?” என்று கேட்டு, மேலே சிவப்பு மையில் ‘அவசரம்’ என்றும் தேதியும் அவரே எழுதினார். மொத்தப் பல்கலைக்கழகத்திலும் தேர்வுத் தேதியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். தபால் கவுண்டருக்கு 4.5 கொடுக்கிறேன். அரை மதிப்பெண் குறைத்தது சாய்தளம் இல்லாத நான்கு படிக்கட்டுக்காக. சக்கர நாற்காலியில் வருபவர் அந்த ஜன்னலை எட்ட முடியாது.

சீல் வாங்கிய நகலோடு செக்ஷனுக்குப் போனோம். கண்காணிப்பாளர் ஹால் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, “இதுல கிளாஷ் எங்கம்மா இருக்கு? ஒண்ணு காலையில, ஒண்ணு மத்தியானம்” என்றார்.

“சார், தம்பிக்குக் காலை எக்ஸாம் முடியறதே ரெண்டு மணிக்கு.”

“எப்படி?”

ஸ்கிரைப் அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். அவர்கள் அலுவலகம் கொடுத்த கடிதம்தான். கொஞ்ச நேரம் பார்த்தார். “ரெண்டரை வரைக்கும் ஹாலுக்குள்ள விடலாம்மா. அதுக்குள்ள வந்துருவாப்லல்ல?”

“வந்துரலாம் சார். அப்போ அந்த அரை மணி நேரம் யாரு தருவா? சாப்பாடு?”

தம்பி அதுவரை பேசவில்லை. அப்போதுதான் சொன்னான்: “சார், நான் பேப்பரை மாத்தச் சொல்லல. மூணு மணிக்கு ஆரம்பிச்சு ஏழு மணி வரைக்கும் எழுதறேன். ரெண்டுலேருந்து மூணு வரைக்கும் உங்க ஆள் கூடவே உக்காரட்டும்.”

கண்காணிப்பாளர் எடுத்துச் சொன்ன தடையும் நியாயமானதுதான். பிற்பகல் தேர்வு தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து மாணவர்கள் வெளியே போகலாம். 2.45-க்கு வினாத்தாள் வெளியே வந்துவிடும். மூன்று மணிக்குத் தொடங்கும் மாணவனுக்கு யாராவது சொல்லிவிட முடியும். அதனால் யாருக்கும் தனி நேரம் தருவதில்லை என்றார். அதற்குத்தான் தம்பி சொன்ன யோசனை. காலைத் தேர்வு முடிந்ததும் அவனும் ஸ்கிரைபும் அதே அறையில், அறைக் கண்காணிப்பாளர் ஒருவர் பார்வையில், போன் இல்லாமல் இருந்து, கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் தொடங்குவது. அவர் மறுக்கவில்லை. ‘தேர்வாணையர்தான் சொல்லணும்’ என்றார், தேர்வுப் பிரிவுக்கே தலைவர் அவர். தேர்வாணையர் அன்றைக்கு ஊரில் இல்லை.

கோப்பை நகர்த்தியது அடுத்து நான் கொடுத்த மனு என்றுதான் நம்புகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 23-ஆம் பிரிவு, ஒவ்வோர் அரசு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்கிறது; அந்தப் பிரிவு வேலைவாய்ப்புக் குறைகளுக்காக எழுதப்பட்டது, இருந்தாலும் அவரையும் பெறுநராகப் போட்டுப் பார்த்தேன். அவர் புகார்ப் பதிவேடு வைக்க வேண்டும், பதிவான இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்டக் குழுவிடம் போகலாம். சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும் இதில் அடங்கும். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கூடுதல் நேரம், ஸ்கிரைப் வசதி என்று தேர்வு முறையையே தகுந்தபடி மாற்றியமைக்கச் சொல்கிறது.

மனுவைப் பெறுநர் ‘தேர்வாணையர்’ என்று மட்டும் போடாமல், ‘குறைதீர் அலுவலர், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 23’ என்று ஒன்றும், பதிவாளருக்கு ஒன்றுமாகப் போட்டேன். பொருள் என்ற இடத்தில் ‘அநீதியான அட்டவணை’ என்று எழுதவில்லை. ‘ஒரே நாளில் முற்பகல் தேர்வு 2.00 மணிக்கு முடிந்து பிற்பகல் தேர்வு 2.00 மணிக்குத் தொடங்குவது, மாற்று ஏற்பாடு கோருதல்’ என்று எழுதினேன். படிக்கிறவர் பக்கத்தைப் புரட்டாமலே விஷயம் தெரிந்துவிடும். முந்தைய கடிதங்களைக் குறிப்பிடும் ‘பார்வை’ என்ற இடத்தில் இணையப் புகார் எண், தபால் இன்வர்டு எண், முதல்வர் கடித எண், 2018 வழிகாட்டுதலின் தேதி. நகல்: மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர், சென்னை. தபால் பிரிவில் சீல் வாங்கினேன், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடும் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் தேர்வாணையர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவரே பேசினார். தம்பியிடம் கொடுக்கச் சொல்லி, எத்தனை பேப்பருக்கு இந்த நிலை, ஸ்கிரைப் ஒருவரா இருவரா என்று கேட்டார். பிற்பகல் தேர்வுக்கு வேறொரு ஸ்கிரைபை வைக்கலாமா என்று தம்பி கேட்டான். அந்த 2018 வழிகாட்டுதலிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்கிரைபுக்கு இடம் இருந்தது, அதை எடுத்துச் சொன்னான். சரி என்றார். கல்லூரிக்கு ஆணை வந்தது: தனி அறை, 2 முதல் 3 வரை கண்காணிப்பில் இடைவேளை, 3 முதல் 7 வரை தேர்வு, இரண்டு ஸ்கிரைப். தேர்வுக்கு முன்பே வந்தது. தேர்வு நாளில் அறைக் கண்காணிப்பாளராக வந்த பேராசிரியை ஏழு மணிக்குப் பிறகும் நின்று, இரண்டாவதாக எழுதிய மாணவிக்கு பஸ் வரும்வரை கூட இருந்தார். தேர்வாணையர் அலுவலகத்துக்கு 3.5. கையில் எடுத்த பிறகு மனிதத்தன்மையோடு நடந்துகொண்டார்கள். ஆனால் அந்த இடத்துக்குக் கோப்பு போய்ச் சேர ஒரு குடும்பம் இவ்வளவு அலைந்திருக்கக் கூடாது.

என் மனம் ஆறாதது வேறொரு விஷயத்தில். அந்த ஆணை தம்பியின் பெயருக்கு மட்டும் வந்தது. அட்டவணை மாறவில்லை. அதே வியாழக்கிழமை, அதே அரியரோடு, வேறு கல்லூரிகளில் ஸ்கிரைப் வைத்து எழுதியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு யார் மனு எழுதிக் கொடுத்தது? தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அதையே கேட்டேன்: கூடுதல் நேரம் பெறும் தேர்வர்களில் எத்தனை பேருக்கு ஒரே நாளில் இரு வேளையும் தேர்வு இருந்தது, அட்டவணை வெளியிடும் முன் அதைச் சரிபார்க்கும் நடைமுறை உண்டா. முப்பது நாள் கெடுவுக்குள் பதில் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ‘அத்தகைய விவரம் தனியே பராமரிக்கப்படவில்லை.’ யார் யாருக்குக் கூடுதல் நேரம் என்ற பட்டியல் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தாள் எண்ணும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மதியத்தில் தெரிந்துவிடும். முதல் மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.

மொத்தமாக 5-க்கு 2.5 தருகிறேன். தற்காலிக அட்டவணையை ஆட்சேபத்துக்காக முதலில் வெளியிட்டு, படிக்கக்கூடிய பிடிஎஃப் ஆக ஏற்றி, கூடுதல் நேரத் தேர்வர்களின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகு இறுதி அட்டவணை வந்தால் நாலு கொடுப்பேன்.

போகிறவர்களுக்குச் சில விவரம். மனுவோடு யூடிஐடி அட்டை நகல், ஸ்கிரைப் அனுமதிக் கடிதம், இரண்டு தேர்வும் தெரியும் ஹால் டிக்கெட் நகல், முதல்வர் கடிதம் நான்கும் கட்டாயம். ஹால் டிக்கெட்டில் அந்த இரு வரிகளையும் அடிக்கோடிட்டு, பக்கத்தில் கூடுதல் நேரம் சேர்த்த முடிவு நேரத்தைப் பேனாவால் எழுதிவிடுங்கள். மாற்றத்தைக் கேட்பதோடு நிற்காமல் எப்படி மாற்றலாம் என்று ஒரு ஏற்பாட்டையும் நீங்களே எழுதுங்கள், வினாத்தாள் ரகசியம் பற்றிய அவர்கள் கவலைக்கு அதில் பதில் இருக்கட்டும். ஏப்ரல் தேர்வுக்கு அரியர் உள்ளவர்கள் கட்டணம் கட்டிய கையோடு, அட்டவணை வரும் முன்பே மனுக் கொடுங்கள். தபால் பிரிவு காலை பத்தரைக்குத் திறக்கும். மாலை மூன்றரைக்குப் பிறகு இன்வர்டு நம்பர் அடுத்த நாள் தேதியில்தான் விழும்.